கிளாண்டைக் தங்க வேட்டையும் அந்தப் பழைய வடக்குப் பாதைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளாண்டைக் அலாஸ்காவில்தானே இருக்கிறது?

இல்லை, கனடாவின் வடமேற்கு மூலையில், யூகான் பிரதேசத்தில். கிளாண்டைக் என்பது ஓர் ஆறு. அது யூகான் பேராற்றில் கலக்கும் இடத்தில் இருக்கும் ஊர் டாசன் சிட்டி. ஆனால் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. தங்கம் கனடாவில், அங்கே போகக் கப்பலை விட்டு இறங்கும் துறைமுகங்களான ஸ்கேக்வேயும் டையீயும் அலாஸ்காவில், அதாவது அமெரிக்காவில். இன்றைக்கும் இந்தப் பயணத்தில் பாதித் தலைவலி இந்த எல்லைக்கோட்டால் வருவதுதான்.

தங்கத்தை முதலில் கண்டது யார்?

1896 ஆகஸ்ட் 16 அன்று, பின்னால் பொனான்ஸா என்று பெயர் மாறிய ஒரு சின்ன ஓடையில் தங்கம் கிடைத்தது. அங்கே இருந்தவர்கள் ஜார்ஜ் கார்மாக் என்ற அமெரிக்கர், அவருடைய மனைவி கேட்டின் சகோதரர் ஸ்கூக்கம் ஜிம், அவர்களுடைய சகோதரி மகன் டாசன் சார்லி. கார்மாக்கைத் தவிர மற்றவர்கள் அந்த மண்ணின் டாகிஷ் மக்கள். ஜிம்மின் சொந்தப் பெயர் கேய்ஷ். கேட்டின் சொந்தப் பெயர் ஷா தலா.

தான்தான் முதலில் கண்டதாகக் கார்மாக் கடைசி வரை சொன்னார். ஜிம்தான் கண்டார் என்பது ஜிம்மின் உறவினர்கள் சொல்வது. எனக்கு உறவினர்கள் சொல்வதுதான் நம்பும்படி இருக்கிறது. பழங்குடி ஒருவர் பெயரில் பதிந்தால் மற்ற தங்கத் தேடிகள் ஏற்கமாட்டார்கள் என்று கார்மாக் பேர் போட்டுக்கொண்டார். முதலில் கண்டவருக்கு ஒரு துண்டு நிலத்துக்குப் பதில் இரண்டு கிடைக்கும் என்பது அன்றைய சட்டம்.

இதில் நான்காவதாக ஒருவரும் உண்டு. ராபர்ட் ஹெண்டர்சன் என்ற கனடாக்காரர் பக்கத்து ஓடையில் ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பாருங்கள் என்று கார்மாக்குக்குச் சொன்னவரே அவர்தான். ஆனால் கூட இருந்த பழங்குடியினரை மதிக்காமல் பேசிவிட்டார். தங்கம் கிடைத்ததும் அவருக்குச் சொல்லியனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. அவருக்குத் தெரிய வந்தபோது ஓடை முழுவதும் அடுத்தவர் பெயரில் பதிவாகியிருந்தது. வாயால் கெட்டார்.

ஜிம், சார்லி, கேட் மூவரின் கல்லறைகளும் கார்கிராஸ் என்ற சிற்றூரில் இருக்கின்றன. ஸ்கேக்வேயிலிருந்து யூகானின் தலைநகரான ஒயிட்ஹார்ஸ் போகும் வழிதான். கட்டாயம் இறங்கிப் பாருங்கள்.

அப்புறம் ஏன் 1897-ல்தான் உலகம் ஓடியது?

இந்தக் கேள்விக்கான பதிலில்தான் முழுக் கதையும் அடங்கியிருக்கிறது. 1896 குளிர்காலத்தில் யூகான் ஆறு உறைந்துவிட்டது. வெளியே செய்தி போகவில்லை. ஆனால் ஏற்கெனவே அந்த ஆற்றங்கரைகளில் தேடிக்கொண்டிருந்த சில நூறு பேருக்கு உடனே தெரிந்துவிட்டது. கார்மாக் ஒரு துப்பாக்கித் தோட்டாவின் வெற்றுக் கூட்டில் தங்கத்தைப் போட்டுக்கொண்டு ஃபார்ட்டி மைல் என்ற ஊரின் சாராயக்கடையில் காட்டினார். ஊர் ஒரே வாரத்தில் காலி. பொனான்ஸாவிலும் அதைவிடச் செழிப்பான எல்டொராடோ ஓடையிலும் நல்ல துண்டுகள் எல்லாம் அந்தப் பருவத்திலேயே பதிவாகிவிட்டன.

1897 ஜூலை 17 அன்று போர்ட்லண்ட் என்ற கப்பல் தங்கத்தோடு சியாட்டில் துறைமுகத்துக்கு வந்தது. இரண்டு நாள் முன்னால் இன்னொரு கப்பல் சான் பிரான்சிஸ்கோவில். பத்திரிகைகள் 'ஒரு டன் தங்கம்' என்று போட்டன. உண்மையில் அதைவிட அதிகம். 1893-ல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியில் வேலையும் சேமிப்பும் போன மக்கள் அமெரிக்கா முழுக்க இருந்தார்கள். சியாட்டில் மேயர் டபிள்யூ. டி. வுட்டே தந்தி அடித்துப் பதவியை விட்டுவிட்டுக் கிளம்பினார்.

சுமார் ஒரு லட்சம் பேர் புறப்பட்டதாகக் கணக்கு. டாசன் வரை போய்ச் சேர்ந்தவர்கள் 30,000 முதல் 40,000 வரை. தங்கம் கண்டவர்கள் சுமார் 4,000. பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்தது 1898 கோடையில். அதாவது பந்தி முடிந்து இரண்டு வருடம் கழித்து இலை போட வந்தார்கள். கப்பல் கம்பெனிகளும் சியாட்டில் கடைக்காரர்களும் அதைச் சொல்லவில்லை.

'ஒரு டன் சாமான்' என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

1897-98 குளிர்காலத்தில் டாசனில் பஞ்சம் வரும் நிலை. அதனால் ஒரு வருடத்துக்கான உணவு இல்லாமல் யாரும் எல்லை தாண்டக் கூடாது என்று கனடாவின் வடமேற்குக் குதிரைக் காவல்படை உத்தரவு போட்டது. மலை உச்சியில் கொடி நட்டு, இயந்திரத் துப்பாக்கி வைத்து, சுங்கமும் வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். உணவு மட்டுமே 500 கிலோவுக்கு மேல். மாவு மட்டும் பலருடைய பட்டியலில் 180 கிலோ. அதோடு பன்றிக்கறி, பீன்ஸ், கூடாரம், தகர அடுப்பு, ரம்பம், ஆணி, படகு கட்டத் தார். எல்லாம் சேர்த்தால் 900 கிலோ வந்துவிடும்.

மலையைத் தாண்டிப் போகும் சில்கூட் பாதை டையீயிலிருந்து பென்னெட் ஏரி வரை 53 கிலோமீட்டர். ஒரு நடைக்கு 30 கிலோ என்றால் 30 நடை. 30 முறை முன்னே, 29 முறை பின்னே. கணக்குப் போட்டால் 3,000 கிலோமீட்டருக்கு மேல். சமதளத்தில் சறுக்குவண்டியும், காசு இருந்தால் கூலிச் சுமைகாரர்களும் உதவினார்கள். இருந்தாலும் பலருக்கு மூன்று மாதம் பிடித்தது. மொத்தமாக ஒரு இடத்தில் இறக்கி, அங்கிருந்து அடுத்த இடத்துக்கு என்று கட்டம் கட்டமாக நகர்த்துவார்கள். பனி பெய்தால் மூட்டை புதைந்துவிடும் என்று பக்கத்தில் கம்பு நட்டு வைப்பார்கள்.

பழைய புகைப்படங்களில் பனியில் கறுப்பாகத் தெரியும் அந்த மனித வரிசை, கடைசி ஏற்றம். 'ஸ்கேல்ஸ்' என்ற இடத்திலிருந்து உச்சி வரை பனியில் சுமார் 1,500 படி வெட்டி, வெட்டியவர்கள் சுங்கமும் வசூலித்தார்கள். ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். முன்னால் இருப்பவர் காலை எடுத்த படியில் நீங்கள் காலை வைக்க வேண்டும். மூச்சு வாங்க ஓரமாக ஒதுங்கினால் மறுபடி வரிசையில் நுழைய இடம் விடமாட்டார்கள். இறங்குவது மட்டும் சுலபம்: மண்வெட்டி மேல் உட்கார்ந்தோ வெறும் பின்புறத்திலோ சறுக்கிக்கொண்டு சில நிமிடத்தில் கீழே. உடனே அடுத்த மூட்டை.

1898 ஏப்ரல் 3, குருத்தோலை ஞாயிறு. பல நாள் பனிக்குப் பிறகு வெயில் கொஞ்சம் சூடு காட்டியது. அனுபவமுள்ள கிளிங்கிட் பழங்குடிச் சுமைகாரர்கள் அன்று மேலே போக மறுத்துவிட்டார்கள். மற்றவர்கள் போனார்கள். பனிச்சரிவில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டையீயில் அவர்களுக்கென்றே ஒரு சின்ன இடுகாடு இருக்கிறது. பல மரப்பலகைகளில் ஒரே தேதி.

குதிரையில் போகவில்லையா? வேறு வழியே கிடையாதா?

ஸ்கேக்வேயிலிருந்து வொயிட் பாஸ் கணவாய் வழியாகக் குதிரையோடு போனார்கள். உயரம் குறைவு, ஆனால் சேறும் பாறையும். சுமார் 3,000 குதிரைகள் செத்தன. 'செத்த குதிரைப் பாதை' என்றே பெயர் நின்றுவிட்டது. பல குதிரைகள் ஏற்கெனவே கழித்துக்கட்டப்பட்ட கிழங்கள், ஓட்டியவர்களில் பலர் அதுவரை குதிரையைத் தொட்டதே இல்லை. இந்தக் கதையில் எனக்கு மனம் ஆறாத பகுதி இதுதான்.

பணக்காரர்களுக்கு ஒரு வழி இருந்தது: கடல் சுற்றி யூகான் முகத்துவாரம் போய், அங்கிருந்து நீராவிப் படகில் மேலே. 1897-ல் அப்படிக் கிளம்பியவர்களில் பெரும்பாலோர் ஆறு உறைந்து நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள். எட்மண்டனிலிருந்து முழுக்கக் கனடா வழியாக நடந்து போகலாம் என்று நம்பிக் கிளம்பியவர்கள் பாடு இன்னும் மோசம்.

மலை ஏறி முடித்ததும் தங்கம்தானா?

எங்கே! இன்னும் சுமார் 800 கிலோமீட்டர் தண்ணீர். லிண்டெமன், பென்னெட் ஏரிக்கரைகளில் குளிர்காலம் முழுக்க மரம் வெட்டிப் படகு கட்டினார்கள். மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று நீள ரம்பத்தை இழுக்க வேண்டும். கீழே நிற்பவர் கண்ணில் மரத்தூள். உயிர் நண்பர்கள் இந்த ரம்பத்தில்தான் அடித்துக்கொண்டு பிரிந்தார்கள்; சொத்தைப் பிரிக்கும்போது படகையே இரண்டாக அறுத்தவர்கள் பற்றிய கதைகள்கூட உண்டு.

1898 மே 29-ல் பனி உடைந்ததும் 7,000-க்கு மேற்பட்ட படகுகள் ஒன்றாகக் கிளம்பின. மைல்ஸ் பள்ளத்தாக்கிலும் ஒயிட்ஹார்ஸ் வேகநீரிலும் நூற்றுக்கும் மேற்பட்ட படகுகள் நொறுங்கின. காவல்படையின் சாம் ஸ்டீல் நேரில் வந்து, பெண்களும் குழந்தைகளும் கரையில் நடக்க வேண்டும், தெரிந்த படகோட்டி இல்லாமல் இறங்கக் கூடாது என்று கட்டளையிட்டார். படகுகளுக்கு எண் போட்டார்கள். அதன்பின் சாவு குறைந்தது.

தங்கம் எப்படி எடுத்தார்கள்? நம்ம கேஜிஎஃப் மாதிரி சுரங்கமா?

இல்லை. கோலார் தங்கம் பாறைக்குள் ஓடும் வரி. அதைத் தேடித் தமிழ்த் தொழிலாளர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கினார்கள். அதற்குப் பெரிய கம்பெனியும் எந்திரமும் வேண்டும். கிளாண்டைக்கில் கிடைத்தது பாறை கரைந்து ஆற்று மண்ணோடு கலந்து கிடந்த தங்கம். தனி ஆள் மண்வெட்டியோடு எடுக்கலாம். அதனால்தான் ஒரு லட்சம் தனி ஆட்கள் கிளம்பினார்கள்.

ஆனால் அந்த மண் வருடம் முழுக்க உறைந்து கிடக்கும். ராத்திரி விறகு போட்டு எரிப்பார்கள், காலையில் இளகிய ஓர் அடி மண்ணைத் தோண்டுவார்கள், மறுபடி தீ. இப்படியே அடிப்பாறை வரை. தங்கம் கனமானது என்பதால் அடியில்தான் படியும். குளிர்காலம் முழுக்க மண்ணை மேலே குவித்துவைத்து, வசந்தத்தில் தண்ணீர் வந்ததும் மரவாய்க்காலில் ஓடவிட்டு அலசுவார்கள். குவியலில் எவ்வளவு இருக்கிறது என்று அதுவரை சரியாகத் தெரியாது.

யார்தான் சம்பாதித்தார்கள்?

முதலில் பதிந்தவர்கள். பிறகு, தங்கம் தேடியவர்களுக்கு விற்றவர்கள். ஜோசப் லடூ இந்த வேட்டையில் தங்கத்தைத் தேடிப் போகவில்லை. ஆற்றோரச் சதுப்பு நிலத்தைப் பதிந்து, மரம் அறுக்கும் ஆலை வைத்து, மனை போட்டு விற்றார். அதுதான் டாசன். பெலிண்டா மல்ரூனி என்ற பெண் துணியும் சுடுநீர்ப்பைகளும் கொண்டுபோய் விற்றுத் தொடங்கி, ஹோட்டல் முதலாளியானார். பென்னெட்டில் சாப்பாட்டுக்கடை நடத்திய ஃப்ரெட்ரிக் டிரம்ப், பிற்கால அமெரிக்க அதிபரின் தாத்தா. கிளாண்டைக் பணத்தோடு திரும்பிய ஜான் நார்ட்ஸ்ட்ராம் 1901-ல் சியாட்டிலில் திறந்த செருப்புக்கடைதான் இன்றைய நார்ட்ஸ்ட்ராம் பெருங்கடைகள்.

ஏமாற்றியவர்களும் சம்பாதித்தார்கள். ஸ்கேக்வேயில் சோப்பி ஸ்மித் ஒரு தந்தி நிலையம் நடத்தினார். காசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் தந்தி அடிப்பார். 'பணம் அனுப்பு' என்று பதிலும் வரும். கம்பி எந்த ஊருக்கும் போகவில்லை. 1898 ஜூலை 8-ல் நடந்த துப்பாக்கிச் சண்டையில் செத்தார்.

1899-ல் அலாஸ்காவின் நோம் கடற்கரையில் தங்கம் என்ற செய்தி வந்தது. அந்தக் கோடையிலேயே ஆயிரக்கணக்கானோர் டாசனை விட்டுப் போனார்கள்.

அங்கே ஏற்கெனவே வாழ்ந்த மக்கள்?

சில்கூட் பாதை தங்கத் தேடிகள் போட்டதல்ல. கடலோரக் கிளிங்கிட் மக்கள் மீனெண்ணெய் கொண்டுபோய் உள்நாட்டில் தோலுக்கு மாற்றிய வணிக வழி அது; மற்றவர்களை விடாமல் வெகுகாலம் காத்தார்கள். டாசன் முளைத்த இடம் ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்களின் மீன்பிடிக் குடியிருப்புக்கு எதிர்க்கரை. கூட்டமும் நோயும் பெருகியதும் அவர்களுடைய தலைவர் ஐசக் தம் மக்களைச் சில கிலோமீட்டர் கீழே உள்ள மூஸ்ஹைடுக்குக் கூட்டிப்போனார். பாட்டும் ஆட்டமும் அழிந்துவிடும் என்று அஞ்சி, அலாஸ்காவில் இருந்த உறவினர்களிடம் அவற்றைக் கொடுத்துவைத்தார். பிற்காலத்தில் பேரப்பிள்ளைகள் அங்கே போய்க் கற்றுத் திரும்பினார்கள். 2023-ல் யுனெஸ்கோ இந்த நிலத்தை 'ட்ரொண்டெக்-கிளாண்டைக்' என்ற பெயரில் உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. டாசனில் அவர்களுடைய டானோஜா ஸோ பண்பாட்டு மையத்துக்கு முதல் நாளே போய்விடுங்கள். மற்றதெல்லாம் வேறு மாதிரி தெரியும்.

சில்கூட் பாதையில் இப்போது நடக்கலாமா?

நடக்கலாம், அனுமதிச் சீட்டோடு. அமெரிக்கப் பக்கம் அவர்களுடைய தேசியப் பூங்காத் துறையும் கனடாப் பக்கம் பார்க்ஸ் கனடாவும் பார்த்துக்கொள்கின்றன. கணவாயைத் தாண்ட ஒரு நாளைக்கு 50 பேருக்கு மட்டும் அனுமதி என்பது வழக்கம். முன்பதிவு பல மாதம் முன்பே தொடங்கிவிடும். 2022 வெள்ளத்தில் அமெரிக்கப் பக்கம் பலத்த சேதம். அதன்பின் சில பகுதிகளை மூடினார்கள். டிக்கெட் எடுக்கும் முன் இரு துறைகளின் அறிவிப்பையும் பாருங்கள்.

மூன்று முதல் ஐந்து நாள் நடை. ஷீப் கேம்ப்பிலிருந்து ஹேப்பி கேம்ப் வரையான நாள்தான் சோதனை: தூரம் 13 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் பத்து மணி நேரம்கூட ஆகும். கோடையில் பனிப்படிகள் கிடையாது. அவற்றுக்கு அடியில் இருந்த பெரும்பாறைகள் மேல் கையும் காலும் ஊன்றி ஏற வேண்டும். உச்சி சுமார் 1,070 மீட்டர்தான். உயரத்தைப் பார்த்து லேசாக நினைக்காதீர்கள், கடல் மட்டத்திலிருந்து தொடங்குகிறீர்கள். மழையும் மூடுபனியும் அங்கே சாதாரணம்.

வழியெல்லாம் விட்டுப்போன சாமான். கேன்யன் சிட்டியில் காட்டுக்கு நடுவே ஒரு பெரிய நீராவிக் கொதிகலன் துருப்பிடித்துக் கிடக்கிறது. கம்பிவடத்தில் சாமான் ஏற்றிய நிறுவனம் விட்டுப்போனது. உச்சியருகே, மடக்கிக் கொண்டுவந்த கித்தான் படகுகள் அடுக்கியபடியே கிடக்கின்றன. அவற்றை அங்கே வரை சுமந்தவர் ஏன் விட்டார், செத்தாரா சலித்தாரா, யாருக்கும் தெரியாது. எதையும் எடுக்காதீர்கள், ஓர் ஆணிகூட, சட்டப்படி குற்றம். பென்னெட்டில் தங்கக் காலத்து மரத் தேவாலயம் ஒன்று நிற்கிறது. ஊர் இல்லை, சாலையும் இல்லை. அங்கிருந்து வெளியே வர ரயில் எந்த நாளில் நிற்கும் என்று முன்பே பார்த்துவைக்க வேண்டும்.

விசா எத்தனை வேண்டும்?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் இரண்டு: அமெரிக்காவுக்கு ஒன்று, கனடாவுக்கு ஒன்று. டொராண்டோவில் நிரந்தர வதிவுரிமையோடு இருப்பவர்கள் கவனிக்க: அந்த அட்டை அமெரிக்காவுக்குள் விடாது, குடியுரிமை வாங்காதவரை அமெரிக்க விசா வேண்டும். அது இல்லையென்றால் மனம் விட வேண்டாம். வான்கூவரிலிருந்து ஒயிட்ஹார்ஸுக்கு நேர் விமானம் உண்டு. கார்கிராஸ், யூகான் ஆறு, டாசன் எல்லாமே கனடாவுக்குள். விட்டுப்போவது ஸ்கேக்வேயும் கணவாயும் மட்டுமே.

அம்மா அப்பாவையும் கூட்டிப்போகலாமா? அவர்களால் நடக்க முடியாது.

தாராளமாக. வொயிட் பாஸ் ரயில் இருக்கிறது. 1898-ல் தொடங்கி 1900-ல் முடித்த குறுகிய பாதை. முதல் 32 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 900 மீட்டர் ஏறுகிறது. 1982-ல் நின்று, 1988-ல் சுற்றுலாவுக்காக மறுபடி ஓடத் தொடங்கியது. குதிரைகள் செத்த பாதையை ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். சொகுசுக் கப்பல்கள் ஸ்கேக்வேயில் நிற்கும் நாட்களில் கூட்டம் தாங்காது.

கார் எடுத்தால் ஸ்கேக்வேயிலிருந்து ஒயிட்ஹார்ஸ் சுமார் 175 கிலோமீட்டர், அங்கிருந்து டாசன் சுமார் 530. பெட்ரோல் நிலையங்களுக்கு நடுவே தூரம் அதிகம். பாதி காலியானாலே நிரப்புங்கள். கார்மாக்ஸ் என்ற ஊரைத் தாண்டியதும் ஐந்து விரல் வேகநீரை மேலிருந்து பார்க்க இடம் இருக்கிறது.

ஆற்றில் படகில் போவது?

என்னைக் கேட்டால் இதுதான் சிறந்த வழி. ஒயிட்ஹார்ஸில் கேனூ வாடகைக்கு எடுத்து டாசன் வரை 700 கிலோமீட்டருக்கு மேல், நிதானமாகப் போனால் இரண்டு வாரம். பழைய ஒயிட்ஹார்ஸ் வேகநீர் அணைக்கட்டில் மூழ்கிவிட்டது, அதனால் பயமில்லை. லபார்ஜ் ஏரியில் மட்டும் காற்றுக்கு மரியாதை கொடுங்கள். கரையை ஒட்டியே போங்கள், அலை எழுந்தால் ஒதுங்கிக் காத்திருங்கள். ஃபோர்ட் செல்கர்க் என்ற பழைய ஊருக்குச் சாலையே இல்லை.

டாசனில் நானும் தங்கம் அரிக்கலாமா?

அரிக்கலாம். பொனான்ஸா ஓடையில் பொதுமக்களுக்கென்றே விட்ட ஒரு துண்டு இருக்கிறது, கிடைத்தது உங்களுக்கே. அரிசியில் கல் அரிக்கும் கை இருந்தால் அரை மணியில் பழகிவிடும்: சட்டியைத் தண்ணீருக்குள் ஆட்டி, லேசான மணலை விளிம்பு வழியாக ஒழுகவிட வேண்டும். கடைசியில் கறுப்பு மணல் நிற்கும். அதற்கும் அடியில் ஒரு மஞ்சள் பொட்டு நகராமல் கிடந்தால் அதுதான். பளபளத்துக்கொண்டு தண்ணீரோடு ஓடினால் அது அப்பிரகம். வேறு எந்த ஓடையிலும் இறங்காதீர்கள். இன்னும் சுரங்க வேலை நடக்கிறது, ஒவ்வொரு அடிக்கும் உரிமையாளர் உண்டு. 2022-ல் இப்படி வேலை செய்தவர்கள்தான் உறைமண்ணில் தோலும் முடியும் கெடாத ஒரு மாமத யானைக்குட்டியைக் கண்டெடுத்தார்கள்.

பக்கத்திலேயே நான்காம் எண் தூர்வாரி இருக்கிறது: எட்டு மாடி உயர மரக்கப்பல் போன்ற எந்திரம், 1912-ல் கட்டியது. தனி ஆட்கள் போன பிறகு கம்பெனிகள் பள்ளத்தாக்கையே புரட்டிப்போட்டன. அவை கக்கிய கற்குவியல்கள் இன்றும் ஓடைநெடுகக் கிடக்கின்றன.

எந்த மாதம் போகலாம்?

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை. ஜூனில் ராத்திரியே வராது, கொசு உண்டு, கணவாயில் பனி மிச்சம் இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் இலை மஞ்சளாகும், இருட்டும் திரும்பும், அதிர்ஷ்டம் இருந்தால் வடதுருவ ஒளி தெரியும். ஆகஸ்ட் மூன்றாம் திங்கள் யூகானில் தங்கம் கண்ட நாள் விடுமுறை. அந்த வாரம் டாசனில் அறை கிடைப்பது கஷ்டம்.

சைவம் சாப்பிடுபவர்கள் சமாளிக்கலாமா?

ஒயிட்ஹார்ஸில் பெரிய கடைகளில் அரிசி, பருப்பு எல்லாம் கிடைக்கும். அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், வடக்கே போகப் போக விலை ஏறும். நடைப் பாதைக்கு அவல், உப்புமா ரவை வறுத்தது, பருப்புப்பொடி போன்றவை எடையும் குறைவு, வெந்நீரும் குறைவாகப் பிடிக்கும். கரடி நாடு என்பதை மறக்க வேண்டாம்: சமைப்பதும் சாப்பிடுவதும் முகாமில் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் மட்டும். பெருங்காயம், பற்பசை உட்பட வாசனை உள்ள எல்லாவற்றையும் கூடாரத்தில் வைக்காமல், கரடிக்கு எட்டாத பெட்டியில் பூட்டிவிடுங்கள். கரடித் தெளிப்பானை விமானத்தில் விடமாட்டார்கள், இறங்கிய ஊரில் வாங்கிக்கொள்ளலாம்.